நகம் கறுத்தால் எல்லாம் கொழுந்துக் கறை இல்லை

(தோட்டக் கமிட்டி மாதர் பிரிவுக் கூட்டத்தில் பேசியது. கூட்டத்துக்கு வரமுடியாத அங்கத்தவர்கள் கேட்டுக்கொண்டபடி முழுமையாக அச்சிடப்படுகிறது.)



சம்பளம், பேர், கிலோ என்றுதான் நாங்கள் எப்போதும் பேசுகிறோம். இன்றைக்கு நகத்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரிப்பு அடங்கியதும் எத்தனை பேர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டீர்கள் என்பதையும் பார்த்தோம். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தால், டவுனில் கல்யாண வீட்டுக்குப் போனால், வங்கியில் கையெழுத்துப் போடப் போனால் நம் பெண்கள் கையை மறைக்கிறார்கள். உலகம் முழுக்கக் குடிக்கிற தேயிலையைப் பறித்த கை அது. மறைக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனால் மறைத்துப் பழகியதால் வேறொரு கெடுதல் வருகிறது. நகத்தில் நோய் வந்தாலும் 'கொழுந்துக் கறைதானே' என்று விட்டுவிடுகிறோம். டிஸ்பென்சரிக்குப் போனால் அங்கேயும் சில சமயம் அதையே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே எது கறை, எது நோய், எது மருந்தடிப்பதால் வந்தது என்று பிரித்துப் பார்க்க நாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் கறை. ஸ்டோரில் கொழுந்தை வாட்டி, ரோலரில் போட்டு நசுக்கி, பரப்பி வைத்தால் பச்சை நிறம் போய்ச் செம்பு நிறம் வருகிறது அல்லவா? இலைச்சாறு காற்றோடு சேர்ந்து நிறம் மாறுகிறது. அதே வேலைதான் நம் விரல் நுனியிலும் நடக்கிறது. காலையிலிருந்து மாலை வரை காம்பை ஒடிக்கும்போது கசியும் சாறு, நகத்தின் மேலும் நக இடுக்கிலும் பட்டுக் காற்றில் பழுப்பாகி, பிறகு கறுத்துவிடுகிறது. இரும்பு பட்டால் இன்னும் கறுக்கும். துருப்பிடித்த குழாய்த் தண்ணீரில் கை கழுவினாலும், கவ்வாத்துக் கத்தி பிடித்தாலும் மையைப் போல ஏறும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதுகிற மை காய்ச்சினார்கள். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. நம் விரலில் நடப்பதும் அதுதான். இதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை.

கறைதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கொழுந்தை ஒடிக்கிற விரல்களில்தான் அது அதிகம் இருக்கும், முக்கியமாகப் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும். இரண்டு கையிலும் இருக்கும். நகம் பழையபடி வழவழப்பாக, கனம் கூடாமல் இருக்கும். இன்னொரு அடையாளம் தோல் வைத்தியர்கள் பார்ப்பது, நாமும் பார்க்கலாம். சில வாரம் வேலைக்குப் போகாமல் இருந்தவருடைய நகத்தின் அடியைப் பாருங்கள். வெளியே இருந்து படிந்த கறை என்றால், புதிதாக வளர்ந்த நகம் சுத்தமாக வந்திருக்கும். கறை தொடங்குகிற கோடு, நகத்தை மூடியிருக்கும் தோலின் வளைவைப் போலவே வளைந்திருக்கும். நகத்தின் அடியில் வெள்ளையாக ஒரு பிறை இருக்கிறதே, அந்தப் பிறையின் வளைவைப் போல நிறம் வளைந்து வந்தால் காரணம் உடம்புக்குள்ளே இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர்தான் வளரும். அடியிலிருந்து நுனிவரை முழுதாகப் புதுப்பிக்க 4 முதல் 6 மாதம் ஆகும். கால்நகத்துக்கு ஒரு வருடத்துக்கு மேலே ஆகும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மருந்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

கறையைப் போக்க நம் ஆட்கள் செய்கிற வேலைகளை நாங்கள் கேட்டுத் திரட்டினோம். பிளீச்சிங் பவுடரில் கை ஊறவைப்பது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பது, பிளேடால் நகத்தைச் சுரண்டுவது, செங்கல் துண்டால் உரைப்பது. தயவுசெய்து இவற்றை விட்டுவிடுங்கள். கறை நகத்தின் மேலே இருக்கிறது. நீங்கள் சுரண்டுவது நகத்தையே. சுரண்டிய நகம் சொரசொரப்பாகி அடுத்த நாள் இன்னும் அதிகமாகச் சாறு குடிக்கும். பிளீச்சிங் பவுடர் தோலை அரித்துப் புண்ணாக்கும், அந்தப் புண் வழியாகத்தான் கிருமி போகும். தேசிக்காய் பரவாயில்லை, கறை கொஞ்சம் வெளுக்கும். ஆனால் மாலையில் தேய்த்து நன்றாகக் கழுவிவிடுங்கள். தேசிச்சாற்றோடு வெயிலில் நின்றால் தோல் கொப்புளித்துக் கறுத்துப்போகும். வெட்டுக்காயம் இருக்கும் விரலில் தேய்க்கவே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும், மிருதுவான பழைய பல் பிரஷ், பிறகு துடைத்து உலர்த்தி இரவில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். இவ்வளவும் போதும். நகத்தை ஒட்ட வெட்டி வைத்தால் இடுக்கில் சேர்வது பாதியாகக் குறையும். விரலில் துணி சுற்றிக்கொண்டு பறிப்பவர்கள், நனைந்த துணியை நாள் முழுக்க வைத்திருக்காதீர்கள். அது கறையைவிடப் பெரிய தொல்லையைக் கொண்டுவரும்.

அந்தத் தொல்லைக்கு இப்போது வருவோம். மழைக்காலம், பனி, நனைந்த செடி. காலை பிரட்டுக்களத்திலிருந்து மாலை நிறுவை வரை கை ஈரம். வீட்டுக்கு வந்தால் பீலித்தண்ணீரில் பாத்திரம், துணி, மறுபடி ஈரம். நகத்தின் அடித்தோல் ஊறி, நகத்தை ஒட்டிப் பிடித்திருக்கும் ஓரம் விட்டுப்போகிறது. அந்தத் திறந்த வாசலில் பூஞ்சணம் குடிபுகும். பூஞ்சணம் பிடித்த நகம் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ பழுப்பாகவோ மாறும், தடிக்கும், நுனியில் மாவு மாதிரி உதிரும், நகம் சதையிலிருந்து தூக்கிக்கொள்ளும். ஒரு விரலில் தொடங்கி அடுத்த விரலுக்குப் போகும். காலில் சேற்றுப்புண் இருப்பவர்கள் கால்விரலைச் சொறிந்த கையால் கைநகத்துக்கும் கொண்டுவருகிறார்கள். ஆகவே காலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது சுலபமாக வரும், சுலபமாகப் போகாது.

இதற்கு மருந்து உண்டு. பாமசியில் கேட்டு வாங்குகிற டியூப் மருந்து நகத்துக்குள்ளே போகாது. அதிலும் சில டியூப்களில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பூஞ்சணம் உள்ளே கொழுக்கும். வைத்தியர் நகத்தின் துண்டை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பிப் பூஞ்சணம்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு குளிசை தருவார். பெரும்பாலும் தருவது டேர்பினாபின் என்ற குளிசை. கைநகத்துக்கு வழக்கமாக 6 கிழமை, கால்நகத்துக்கு 12 கிழமை. ஈரல் வருத்தம் உள்ளவர்கள், வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். சொந்தமாக வாங்கி விழுங்கக் கூடாது. இங்கேதான் அந்த 6 மாதக் கணக்கு வருகிறது. குளிசையை முழுதாக முடித்தாலும் பழுதான நகம் பழுதாகவேதான் இருக்கும். அடியிலிருந்து வரும் புதுநகம்தான் சுத்தமாக வரும். இரண்டாவது கிழமை பார்த்துவிட்டு 'மருந்து பிடிக்கவில்லை' என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் நம்மில் அதிகம். நிறுத்தாதீர்கள்.

நகம் பச்சையாக மாறியிருந்தால் அது வேறு. தூக்கிக்கொண்ட நகத்தின் அடியில் ஈரம் தேங்கி, பச்சை நிறத்தைச் சுரக்கும் ஒரு வகைக் கிருமி வளர்கிறது. அதற்குப் பூஞ்சண மருந்து உதவாது. தூக்கிக்கொண்டிருக்கும் நகத்தை வெட்டி உலர வைத்து, வைத்தியர் தரும் சொட்டுமருந்தைப் போட வேண்டும்.

நகச்சுற்று எல்லோருக்கும் தெரிந்தது. விரலை எலுமிச்சம்பழத்தில் செருகி வைத்துக்கொள்வது நம் பாட்டிமார் காலத்து வைத்தியம். குளிர்ச்சியாக இருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டோம். சீழ் கட்டாத ஆரம்பத்தில் வெந்நீர் ஒத்தடம் அதைவிட நல்லது. சீழ் கட்டி விண்விண் என்று தெறித்தால் பழத்தை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறிதாகக் கீறிச் சீழை எடுத்தால் அன்றைக்கே தூங்கலாம். விட்டால் சிவப்பு கையில் ஏறும், காய்ச்சல் வரும். சாணம் வைத்துக் கட்டுவது கூடவே கூடாது, அதில் ஏற்பு வலிக் கிருமி இருக்கும். முள் குத்தியிருந்தால் ஏற்பு ஊசி போட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, நாங்கள் கொஞ்சம் கோபத்தோடு சொல்லவேண்டிய விஷயம். பின்னால் நிற்கும் அண்ணன்மாருக்காக.

புல்லுக்கு மருந்து அடிப்பவர்கள், கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடிப்பவர்கள், இவர்களின் நகத்தில் வருவதைக் கொழுந்துக் கறை என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் கொழுந்தே பறிப்பதில்லை. செம்பு மருந்து பட்டால் நீலப்பச்சையாகப் படியும், அது பெரும்பாலும் கழுவினால் போய்விடும். புல் மருந்துதான் மோசம். பரக்குவாட் என்ற மருந்தைக் கையாளுகிறவர்களுக்கு நகத்தில் வெள்ளைப் பட்டை விழுவதும், மஞ்சளாகிப் பள்ளம் விழுவதும், நகமே கழன்று விழுவதும் 1960களின் கடைசியிலேயே வைத்தியச் சஞ்சிகைகளில் எழுதப்பட்டன. ட்ரினிடாட் தீவின் கரும்புத் தோட்டங்களில் மருந்தடித்த தொழிலாளர்களிடமும் இதையே கண்டு 1971இல் எழுதினார்கள். அங்கே கரும்பு, இங்கே தேயிலை, தொழிலாளியின் விரல் ஒன்றுதான். அந்த மருந்து நம் நாட்டில் 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதை நிறுத்தியது நகத்துக்காக அல்ல, குடித்து இறந்த உயிர்களுக்காக. நகத்துக்காக யார் என்ன நிறுத்தப்போகிறார்கள்?

மருந்து மாறியது, வேலை செய்யும் விதம் மாறவில்லை. தண்ணீர் கலந்த மருந்தைவிட, கலக்குவதற்கு முன்னால் போத்தலில் இருக்கும் கெட்டியான மருந்துதான் நகத்தைத் தின்னும். அதை அளந்து ஊற்றுகிறவர் வெறுங்கையோடு ஊற்றுகிறார். டேங்கியின் வாசர் தேய்ந்து முதுகிலும் கையிலும் ஒழுகுகிறது. அடைத்துக்கொண்ட நொசிலை வாயால் ஊதுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். கையுறை கேட்டால் ஒரு தோட்டத்தில் வருடத்துக்கு ஒரு சோடி கொடுத்தார்கள், அது இரண்டு மாதத்தில் கிழிந்தது. கிழிந்த கையுறை வெறுங்கையைவிட மோசம், உள்ளே போன மருந்து நாள் முழுக்க விரலோடு ஊறிக்கொண்டிருக்கும். தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். ஒரு சொட்டு ஒழுகினாலும் அது கையுறை இல்லை. மருந்துப் போத்தலின் லேபிளிலேயே கையுறை போட்ட கை படமாகப் போட்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்றுதான் படம் போட்டார்கள். நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கையுறை கேட்பது சலுகை கேட்பதாகாது.

மருந்தால் பழுதான நகம், மருந்து படுவது நின்றால் பெரும்பாலும் நல்லபடி வளர்ந்துவிடும். பட்டுக்கொண்டே இருந்தால் எந்தக் களிம்பும் உதவாது. ஆகவே இந்த நோய்க்கு முதல் மருந்து கையுறை. இரண்டாவது மருந்து, வேலை செய்யும் இடத்திலேயே சோப்பும் தண்ணீரும். கையுறையைக் கழற்றுவதற்கு முன்னால் கையுறையோடு கழுவுங்கள், கழற்றிய பிறகு மறுபடி கையைக் கழுவுங்கள். வெற்றிலை போடுவதும் பீடி பற்றவைப்பதும் அதற்குப் பிறகுதான்.

இனி, கறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகம் வெளுத்துப்போவது. இரத்தம் குறைந்தால் நகத்தின் அடிச்சதை வெளுக்கும். நம் பெண்களுக்கு நகம் முழுக்கக் கறை இருப்பதால் அந்த வெளுப்பு தெரிவதில்லை. மருதாணி போட்டிருந்தாலும் நகப்பூச்சு பூசியிருந்தாலும் தெரியாது. ஆகவே கிளினிக்குக்குப் போகிற நாளில் நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். வீட்டில் பார்ப்பதென்றால் கண்ணின் கீழிமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள், நாக்கைப் பாருங்கள், உள்ளங்கை ரேகையைப் பாருங்கள். சிவப்பு இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். நாள்பட்ட இரும்புச்சத்துக் குறைவில் நகம் மெலிந்து, நடுவில் குழிந்து கரண்டி மாதிரி ஆகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் குழியில் நிற்கும். மலை ஏறும்போது மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, 'வயசாகிவிட்டது' என்று முப்பத்தைந்து வயதிலேயே சொல்வது எல்லாம் இதன் வேலையாக இருக்கலாம்.

இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குடும்பநல மாது தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். நாம் பறிக்கிற இலைதான், ஆனால் அதிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்புக்குள் சேரவிடாது. விரலில் மையாகச் சேர்கிற அதே துவர்ப்பும் இரும்பும் வயிற்றிலும் சேர்ந்துகொள்கின்றன. ரொட்டியும் சாயத்தண்ணியும் சேர்த்துச் சாப்பிடுவது நம் பழக்கம். அதை ஒரேயடியாக விடச் சொன்னால் நீங்களும் கேட்க மாட்டீர்கள், நாங்களும் விடமாட்டோம். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு, கல்சியம் குளிசையோடு சேர்க்காமல், வேறு நேரத்தில் போடுங்கள். நெத்தலி, முருங்கைக்கீரை, பருப்பு, கவுப்பி, கூடவே ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ. வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு பாதம் வழியாக ஏறிக் குடலில் இருந்து இரத்தம் குடிக்கும். பூச்சிக் குளிசையையும் கிளினிக்கில் கேளுங்கள். கர்ப்பிணிகள் கேட்காமல் போடக் கூடாது.

நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் பயப்பட வேண்டாம். சின்ன வயதில் பறந்துபோகும் கொக்கிடம் கையை ஆட்டிப் பூக் கேட்டோமே, அந்தப் பூதான். நகத்தின் அடியில் எப்போதோ பட்ட சின்ன அடியின் அடையாளம். கல்சியம் குறைவு என்று சொல்லி விற்கிற மாத்திரைக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

கல் விழுந்தோ மம்பட்டி பட்டோ நகத்தடியில் இரத்தம் கட்டினால் கருநீலமாகும். அது நகம் வளர வளர நுனிப்பக்கம் நகர்ந்து போய்விடும். வலி தாங்க முடியாவிட்டால் அன்றைக்கோ மறுநாளோ ஆஸ்பத்திரிக்குப் போனால் நகத்தில் சிறு துளையிட்டு இரத்தத்தை வடிப்பார்கள். வீட்டில் ஊசியைக் காய்ச்சிக் குத்தாதீர்கள்.

நகராத கறுப்பு இருக்கிறதே, அதற்குத்தான் பயப்பட வேண்டும். நம் நிறத்து ஆட்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருப்பது சாதாரணம், வயதோடு கூடும். ஆனால் பெரிய வயதில், ஒரே ஒரு நகத்தில், முக்கியமாகக் கைப்பெருவிரலிலோ கால்பெருவிரலிலோ, புதிதாக ஒரு கறுப்புக்கோடு வந்து, அகலமாகிக்கொண்டே போய், நகத்தைச் சுற்றிய தோலுக்கும் கறுப்பு பரவினால் தாமதிக்கக் கூடாது. அது நகத்தில் வரும் புற்றுநோயாக இருக்கலாம். அபூர்வம்தான். ஆனால் கொழுந்துக் கறையோடு குழப்பி ஒரு வருடம் விட்டுவிட்டால் விரலோடு நிற்காது. அதேபோல நகமும் உதடும் திடீரென்று நீலம் பாரித்து மூச்சு முட்டினால் அன்றைய தினமே, அந்த மணித்தியாலமே, லொறி கிடைத்தால் லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கண்டி, பதுளை, நுவரெலியா போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தோல் கிளினிக் இருக்கிறது, காசு இல்லை. ஆனால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு போகும், அங்கே நம் பாஷையில் பேச ஆள் இருக்குமோ இல்லையோ என்ற பயம் வேறு. இதனால்தான் போகாமல் இருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே போகிற அன்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த விரல், எப்போது தொடங்கியது, வேறு என்ன குளிசை போடுகிறீர்கள், நீரிழிவு உண்டா. மருந்தடிப்பவர் என்றால் போத்தலின் லேபிளையும் கொண்டுபோங்கள். வைத்தியர் தரும் துண்டைத் தொலைக்காதீர்கள். வேலையால் வந்த நோய் என்று எழுதியிருந்தால் அதன் பிரதி சங்கத்துக்கு வேண்டும். 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் கேட்க முடியுமா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பு. தாள் இல்லாமல் எங்களால் வாயால் மட்டும்தான் பேச முடியும்.

இப்போது மருந்தடிக்கிற அண்ணன்மார் மட்டும் இந்த மேசைக்கு வாருங்கள். தொரைக்குக் கொடுக்கப்போகும் கடிதத்தில் எத்தனை பேர், எத்தனை டேங்கி ஒழுகுகிறது, கையுறை கடைசியாக எப்போது கிடைத்தது என்று எழுத வேண்டும். கை அளவும் எடுக்கிறோம். போன முறை எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுத்து, பாதிப் பேருக்கு விரல் நுழையவில்லை. அக்காமார்களே, நீங்கள் போய்விடாதீர்கள். தேத்தண்ணி போடுகிறார்கள். ரொட்டி ஒரு மணித்தியாலம் கழித்து.